நாற்பத்து மூன்று சமையல் படங்கள்

ஆகஸ்ட் 2, சனி

பெட்டி வந்துவிட்டது. உருவத்தில் டிபன் கேரியர், எடையில் எங்கள் தலைமையாசிரியை.

உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகி, ரவுட்டரோடு கேபிளால் இணைத்தால், வீட்டிலுள்ள எல்லோருடைய போட்டோவும் வீடியோவும் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரோ முகம் தெரியாத கம்பெனியின் கிளவுடில் கிடக்க வேண்டாம், நம் வீட்டு டிவி மேசைக்கு அடியிலேயே இருக்கும். கேட்டது செண்பகா அக்கா. கல்யாணத்துக்குக்கூட அப்பாவிடம் வாய் திறந்து ஒரு பொருள் கேட்காதவள், இதைக் கேட்டாள். அப்பாவும் மறுநாளே ஆர்டர் போட்டுவிட்டார்.

அக்காவுக்குப் போன தை மாதம் கல்யாணம். பெங்களூருவில் குடித்தனம். தலை ஆடிக்குப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்திருக்கிறோம். ஆவணி பிறந்ததும் நிர்மல் அத்தான் வந்து கூட்டிப் போவார்.

பெட்டியை மாட்டும் வேலை எனக்கு. பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் எடுத்ததால் நான் குடும்ப இன்ஜினியர். இதற்கு முன் செய்த பெரிய சாதனை, அப்பாவின் ரிங்டோனை ஆடு கத்துகிற சத்தமாக மாற்றியது. அது ஆபீஸ் மீட்டிங்கில் மூன்று முறை கத்தியது.

முதலில் பெட்டிக்கான சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். 'இந்த டிஸ்க்குகளில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா?' என்று கேட்டது. புது டிஸ்க்கில் என்ன இருக்கப் போகிறது? சம்மதம். அப்புறம் இரண்டு டிஸ்க்கையும் இரட்டைப் பிள்ளைகளாக்கினேன். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று பேசும். பெட்டிக்குப் பெயர் கேட்டது. என் பெயர் காந்திமதி, பள்ளியில் காந்தி. ஆகவே பெட்டியின் பெயர் 'காந்தி கணக்கு'. போட்டது திரும்பி வராது என்று அப்பா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வெயிலில் முழுக்கை நைட்டி. பெங்களூரு குளிரை உடம்போடு கொண்டுவந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"ஏட்டி, இந்தப் பெட்டிய பத்தி யார்ட்டயும் சொல்லாத."

"அத்தான்ட்டயுமா?"

நைட்டிக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். "அவியட்டயும்தான்."

"சர்ப்ரைஸா?"

"ஆமா. சர்ப்ரைஸ்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் செய்தாள். நான் மூன்றையும் கலந்து 'முக்கூடல்' என்று பெயர் வைத்தேன். அடி விழுந்தது.

மத்தியானம் அக்காவின் கிளவுட் கணக்கைப் பெட்டியோடு இணைத்தேன். அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது அத்தான்தான். பாஸ்வேர்ட் அவர்களுடைய கல்யாணத் தேதி. இதையெல்லாம் பாஸ்வேர்ட் என்று சொன்னால் பூட்டுகளுக்கே கோபம் வரும்.

ஒருவழியா, இருவழியா என்று பெட்டி கேட்டது. ஒருவழி என்றாலே எனக்குச் சமாதானபுரம் டிராஃபிக் ஞாபகம். இருவழி போட்டேன்.

மொத்தம் 6,214 படங்கள். அத்தனையும் இறங்க மூன்று மணி நேரம். நடுவில் அக்கா நாலு தடவை வந்து கேட்டாள்.

"சமையல்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அது வந்துட்டாட்டி?"

"வந்துட்டு. நாப்பத்தி மூணு படம்."

"எண்ணிக்கை மட்டும் பாரு. தொறக்காத."

ரசத்தில் உப்புக்குப் பதில் சோடா உப்பு போட்டவளுக்கு நாற்பத்து மூன்று சமையல் படமா! ஒன்றே ஒன்று திறந்தேன். கை. முழங்கைக்குக் கீழே நீளமாகச் சிவந்திருந்தது. சூடு பட்டிருக்கும். சமையல்தானே.

மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கெமிஸ்ட்ரி டெஸ்ட். எனக்கும் அதற்கும் எந்த வினையும் நிகழவில்லை. சாயங்காலம் ஒரு சின்னக் குறும்பு செய்தேன். எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அத்தான் போன் பண்ணினார். "காந்தி மேடம், உங்க சத்தியசோதனை எப்படிப் போகுது?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். எங்கள் குடும்பத்தில் என் ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிக்கிறவர் அவர் ஒருவர்தான். மே மாதம் லீவுக்குப் பெங்களூரு போயிருந்தபோது நாங்கள் இருவரும் அடித்த கூத்து கொஞ்சமல்ல. ஒரு நாள் அக்கா பாத்ரூமுக்குள் போனதும் அத்தான் கண்ணைக் காட்டினார், நான் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். பத்து நிமிஷம். அக்கா கதவைத் தட்டித் தட்டி, "தொறங்க, இனிமே சொல்ல மாட்டேன், சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று கத்தினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். எதைச் சொல்ல மாட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்று பெட்டியைப் பற்றி விசாரித்தார். எத்தனை டிஸ்க், யாருக்கெல்லாம் பாஸ்வேர்ட் தெரியும் என்றெல்லாம். அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அக்காவிடம் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

பள்ளி விட்டு வந்ததும் பெட்டியின் விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே டிஸ்க் கறக் கறக் என்று எதையோ மெல்லுகிற சத்தம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்கா உள்ளறையில் தூங்கினாள். பெட்டியை யாரும் பயன்படுத்தவில்லை. பிறகு யாருக்காக அது வேலை செய்கிறது?

லேப்டாப்பில் பார்த்தேன். சமையல் 38.

நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று நினைத்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். 36. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 31. கல்யாணப் படங்கள் அப்படியே இருக்கின்றன, ஊட்டிப் படங்கள் அப்படியே இருக்கின்றன. சமையல் மட்டும் குறைகிறது. ஒவ்வொன்றாக, நிதானமாக, யாரோ உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எடுக்கிறமாதிரி. 27. 26.

அப்போதுதான் உறைத்தது. இருவழி. அங்கே கிளவுடில் ஒருவர் அழித்தால் இங்கேயும் அழியும். நானே தேர்ந்தெடுத்தேன். ஒருவழி போட்டிருந்தால் அங்கே என்ன நடந்தாலும் இங்கே வந்தது இங்கேயே இருந்திருக்கும்.

அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி தூங்குகிறாள். ஒருத்தி நான்.

பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. சமையல் 19.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். அக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "படம் எல்லாம் பத்திரமா இருக்கு மேடம். தேதியோட இருக்கு. எங்க அப்பாக்கு இன்னும் தெரியாது. பதினெட்டாம் தேதி வண்ணார்பேட்டை ஆபீஸ்லயே வந்து பாக்கேன்."

நான் துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்கா கேட்டாள். "பெட்டி நல்லா ஓடுதாட்டி?"

"ஜம்முனு ஓடுது."

என் வாழ்க்கையில் எத்தனையோ புளுகியிருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

கிடைத்துவிட்டன. பெட்டிக்குள் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. அழிகிற கோப்புகளை உடனே எறியாமல் அதில் போட்டு வைக்குமாம். எனக்கு இது தெரியாது. இணையத்தில் இரண்டு மணி நேரம் தேடிப் படித்துக் கண்டுபிடித்தேன். லேப்டாப்பை நேராகப் பெட்டியில் செருகிப் பார்த்தேன், இருபத்து நான்கு படங்களும் அங்கே கிடந்தன. எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். 43.

சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்கத் திறக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் திறந்தேன்.

கை. மறுகை. கழுத்து. காதுக்குப் பின்னால். கண்ணாடி முன்னால் நின்று, நைட்டியைத் தோளிலிருந்து இறக்கி, ஒரு கையால் போனைப் பிடித்து எடுத்த முதுகு. ஒரு படத்தில் தரையில் உடைந்த தட்டு. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம். கல்யாணமாகி இருபதாம் நாளிலிருந்து ஆரம்பிக்கின்றன.

ஒரு படம் மே 14, மாலை 6.12. இடது தோளில் நான்கு விரல் தடம்.

மே 14 அன்றுதான் நாங்கள் தாழ்ப்பாள் போட்டது. ஐந்து மணிக்கு. கதவைத் திறந்த பிறகு எனக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து, கீழே போய்ப் பானிபூரி சாப்பிட்டுவிட்டு வா, மெதுவா வா என்றார். இரண்டு தட்டு சாப்பிட்டேன். திரும்பி வந்ததும் அக்கா படுத்திருந்தாள். "உங்கக்காவுக்கு ஜோக்கே புரியாது" என்றார். நான் ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அக்காவுக்கு நானே தோசை சுட்டுக் கொடுத்தேன். நாலு. "என்னட்டி புதுசா?" என்றாள். சும்மா என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது.

"காந்தி மேடம்! என்ன, உங்க பெட்டி அஞ்சு நாளா மௌன விரதமா?"

இணைப்பு அறுந்த தேதி அவருக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. அஞ்சு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறார்.

"கேபிள் லூசு அத்தான்."

"கேபிளா, நீயா?" சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "சரி, நம்ம ஸ்டைல்ல அக்காவுக்கு ஒரு ப்ராங்க் பண்ணுவோமா? செட்டிங்ஸ்ல கடைசியில 'அனைத்தையும் அழி'ன்னு இருக்கும் பாரு. அத அமுக்கு. கல்யாண போட்டோ எல்லாம் போச்சுன்னு அவ பதறுவா. அப்புறம் நான் வந்து என்கிட்ட இருக்கற காப்பிய வச்சுத் திரும்ப ஏத்தித் தரேன். செம காமெடியா இருக்கும்."

"எனக்கு டெஸ்ட் இருக்கு அத்தான். அப்புறமா பண்ணுதேன்."

மூச்சு மட்டும் கேட்டது.

"நீ என் கட்சின்னு நெனச்சேன் காந்தி." குரலில் சிரிப்பு அப்படியே இருந்தது. "பரவால்ல. நானே வந்து பண்ணிக்கறேன்."

ஒரு பஸ் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அப்பா சந்தோஷமாக வந்தார். "மாப்பிள்ளை நாளைக்கே வாராராம். லீவுல்லா."

"ஆடி முடியலியே, ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?" என்றாள் அம்மா. "தலை ஆடியில மாப்பிள்ளை வந்து நிக்கிறது வழக்கமா?"

"இந்தக் காலத்துல வழக்கத்த யாரு பாக்கா? பொண்டாட்டி மேல பிரியம். போய் அல்வா வாங்கிட்டு வாரேன்."

அக்கா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். கைகூடக் கழுவவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அறை வாசல்வரை போனேன். மூன்று முறை போனேன்.

கடைசியில் செய்தது இதுதான். பெட்டியை அணைத்தேன். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை உருவினேன். துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்தேன். மறுபடி பெட்டியை ஓடவிட்டபோது ஒரு டிஸ்க் இல்லை என்று கீச் கீச் என அலறியது. அந்த அலாரத்தைத் தேடி நிறுத்துவதற்குள் உயிர் போய்விட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வந்தவுடன் எனக்கு சாக்லேட் கொடுத்தார். அக்காவைப் பார்த்து, "இளைச்சுட்டியே செண்பா" என்றார். அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் ஹாலில். காலை பதினொரு மணி.

"மாமா, காந்தி ஏதோ பெட்டி மாட்டியிருக்காளாமே. சரியா மாட்டியிருக்காளான்னு ஒரு பார்வை பாத்துடட்டுமா? வைரஸ் கிரஸ் வந்துடும்."

"தாராளமா பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவரே கேபிளைச் செருகினார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாஸ்வேர்ட்?"

நான் சாக்லேட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, மாப்பிள்ளை கேக்காருல்லா. சொல்லு" என்றார் அப்பா.

அக்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பாஸ்வேர்டைச் சொன்னேன்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். அவருக்கு ஒரு கையில் தம்ளர், மறுகை விசைப்பலகையில். பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்க, "அப்படியா மாமா, நல்ல மழையா?" என்று கேட்டுக்கொண்டே சமையல் ஃபோல்டரை அழித்தார். பிறகு குப்பைத்தொட்டியைத் திறந்து அதையும் துடைத்தார். பிறகு செட்டிங்ஸ் போனார், கடைசிப் பக்கம். நாலு பேர் இருக்கும் ஹாலில், பட்டப்பகலில், அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தது அவருக்கும் எனக்கும் மட்டும். இடையில் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்புறம் கை நின்றது.

"காந்தி. ரெண்டு டிஸ்க்னு சொன்னியே. ஒண்ணுதான் இருக்கு."

அணையைப் பற்றிய பேச்சு நின்றது. என் முகம் பழகிய முகம். ஆடு கத்திய அன்றைக்கு அப்பாவிடம் காட்டிய அதே முகம்.

"கெட்டுப்போச்சு அத்தான். ஒரே கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. வாரண்டி இருக்குல்லா, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டேன்."

"எப்ப?"

"போன வாரம் வியாழக்கெழம. அதான் கேபிளக் கழட்டினேன்."

"ரசீது?"

"கூரியர்க்காரன் போன்ல அனுப்புதேன்னான். இன்னும் அனுப்பல, எருமமாடு."

பார்த்தார். நான் சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. மென்றேன்.

கடைசியில் சிரித்தார். "திருப்பி அனுப்பறப்ப உள்ள இருக்கறத அழிச்சுட்டு அனுப்பணும் காந்தி. கண்டவன் கையில போகும். சரி விடு, அவனுங்க எப்படியும் தூளாக்கிடுவாங்க." செட்டிங்ஸுக்குத் திரும்பி, ஒரு பொத்தானை அமுக்கினார். பெட்டியின் விளக்கு ஆரஞ்சு நிறமாகிச் சிமிட்டத் தொடங்கியது.

"ஞாயித்துக்கெழம ஆவணி ஒண்ணு. ரெடியா இரு செண்பா" என்று சொல்லிவிட்டு ஜங்ஷனில் நண்பன் வீட்டில் தங்கப் போனார். அல்வாப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அப்பா வழியனுப்ப வெளியே போனார். கார் சத்தம் தெரு திரும்பும்வரை அக்காவும் நானும் அசையவில்லை. அக்கா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

நான் சமையலறைக்குப் போய் டிரம்முக்குள் கைவிட்டேன். கிடைக்கவில்லை. இன்னும் ஆழம். அம்மா, "ஏட்டி, அழுக்குக் கைய அரிசிக்குள்ள விடாத" என்று ஓடி வந்தாள். துண்டு கையில் தட்டியது.

அக்காவின் மடியில் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். 4ஆம் தேதி செய்த சின்னக் குறும்பு: அவருக்குப் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பி, போன் பண்ணி, "உங்க பொண்டாட்டிக்கு ரசம் வைக்கத் தெரியாது, ஆனா நாப்பத்தி மூணு சமையல் படம் சேத்து வச்சிருக்கா, தொறக்கவே கூடாதாம்" என்று சொன்னேன்.

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். டிஸ்க்கில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"எத்தனை இருக்கு?"

"நாப்பத்தி மூணும்."

"தொறந்து பாத்தியா?"

தலையாட்டினேன். அதற்குத்தான் அழுதாள்.

ஆகஸ்ட் 16, சனி

அவர் அழித்த டிஸ்க்கை எடுத்துவிட்டு அரிசி டிரம் டிஸ்க்கைப் போட்டேன். இணையக் கேபிள் இல்லாமல், லேப்டாப்பை நேராகப் பெட்டியில் இணைத்தேன். பெட்டி எழுந்து நிற்க நாலு நிமிஷம் ஆனது. எல்லாம் இருந்தன.

அக்கா அப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். என்னையும் அம்மாவையும் வெளியே போகச் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சே இல்லை. லேப்டாப்பில் அடுத்த படத்துக்குப் போகிற க்ளிக் மட்டும் கேட்டது. நான் எண்ணினேன். பதினேழோடு நின்றுவிட்டது.

அப்பா வெளியே வந்து செருப்பை மாட்டினார். எங்கேயும் போகவில்லை. செருப்போடேயே ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பத்து மணிக்கு கார் வந்தது. அப்பா கேட்டைத் திறக்கவில்லை. உள்பக்கம் நின்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க போங்க மாப்பிள்ளை."

"என்ன மாமா விளையாட்டு? வெயில்ல நிக்க வைக்கறீங்க."

"போங்க. இனி வக்கீல் பேசுவாவ."

அப்பாவின் குரல் நடுங்கியது. கேட்டும் நடுங்கியது. எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர் கேட்டை ஓங்கி ஒரு உதை உதைத்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, நான் நின்ற மாடி ஜன்னலை நேராகப் பார்த்தார். நான் ஒளிந்துகொள்ளவில்லை. சிரித்தபடி கையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

வாசல் தாழ்ப்பாளை ஐந்து முறை சரிபார்த்துவிட்டேன். தெருவில் எந்தக் கார் நின்றாலும் காது அங்கே போகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்கு லீவு. வக்கீல் அம்மாவின் பெயர் ஸ்டெல்லா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படங்களைப் பார்த்தார். ஒரு முறைகூட 'அச்சச்சோ' சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார். கணக்கின் பாஸ்வேர்டை அங்கேயே மாற்ற வைத்தார். எந்தப் படம் எந்த நிமிஷம் அழிந்தது என்ற பட்டியல் அரிசி டிரம் டிஸ்க்கிலேயே பதிவாகியிருக்கிறது என்று நான் சொன்னதும் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பேனாவும் தாளும் எடுத்தார்.

"உன் பேரு?"

"காந்திமதி."

"அந்த ஃபோல்டர் இருக்கற விஷயம் அவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நான்தான் சொன்னேன் மேடம்."

"ஏன் சொன்னே?"

யோசித்தேன். வேறு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

"அவரு சிரிப்பாருன்னு."

எழுதினார். தலை நிமிரவில்லை.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

அதையும் எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.